மீட்டர் பார்த்தவளிடம் கேளுங்கள்

(மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எருக்கஞ்சேரிவாசி. சென்னையில் தண்ணீரையும் மின்சாரத்தையும் காசையும் வீணாக்காமல் குடித்தனம் நடத்துவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த வாரமும் பதில் சொல்கிறார்.)

நங்கநல்லூர் வாசகி: என் மகள் பூமிக்கு நல்லது என்று சொல்லி மூங்கில் பல்துலக்கி, ஸ்டீல் ஸ்ட்ரா, துணிப்பை, கண்ணாடி பாட்டில் என்று பார்சல் பார்சலாக வரவழைக்கிறாள். கேட்டால் எனக்கு விவரம் போதாது என்கிறாள். விவரம் போதாதது யாருக்கு?

அந்தப் பார்சல்கள் எதில் சுற்றி வருகின்றன என்று பாருங்கள். அட்டைப்பெட்டி, அதற்குள் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள், அதன் மேல் அரை முழம் ஒட்டுநாடா. எல்லாவற்றையும் ஒரு மூலையில் சேர்த்து வைத்து மகளுக்குக் காட்டுங்கள். வாயால் சொல்ல வேண்டாம்.

துணிப்பை நல்லதுதான். ஆனால் பருத்தி விளைய தண்ணீர் வேண்டும், நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் போட்ட கணக்கின்படி, பூமியைச் சூடாக்கும் வாயு விஷயத்தில் ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஒரு பருத்திப் பை ஈடாக வேண்டுமானால் அதை 131 தடவை பயன்படுத்த வேண்டும். புதுப்பை வாங்க வேண்டிய அவசியமே உங்கள் வீட்டில் இருக்காது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் பீரோவில் எத்தனை கிடக்கின்றன? மணமக்கள் பெயர் அச்சடித்திருக்கிறது என்று வெட்கப்படாமல் அவற்றையே மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஸ்ட்ரா எதற்கு? இளநீரை வாய் வைத்துக் குடிக்கலாம். பிள்ளை நல்ல எண்ணத்தில்தான் செய்கிறது. கடைக்காரன் அந்த நல்ல எண்ணத்தைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அண்ணா நகர் வாசகர்: எங்கள் அடுக்ககத்தில் குப்பையைப் பிரித்துத்தான் போடுகிறோம். ஆனால் கீழே வண்டியில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுவதைப் பல முறை பார்த்தேன். பிறகு நாங்கள் ஏன் மெனக்கெட வேண்டும்?

உங்கள் குப்பை எங்கே வருகிறது தெரியுமா ஐயா? எங்கள் வீட்டுப் பக்கம். சென்னையின் வடபாதிக் குப்பை கொடுங்கையூருக்கு, தென்பாதிக் குப்பை பெருங்குடிக்கு. நகரம் ஒரு நாளைக்குக் கழிப்பது 5,000 டன்னுக்கு மேல். கொடுங்கையூர்க் கிடங்கு 340 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. காற்று திரும்பினால் எருக்கஞ்சேரியில் துணி காயப்போட யோசிப்போம். பெருங்குடிக் கிடங்கோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 2022-இல் அந்தச் சதுப்புநிலம், உலக அளவில் காக்க வேண்டிய சதுப்புநிலங்களைச் சொல்லும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தது. இப்போது இரண்டு இடங்களிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். நாம் புதிதாக அனுப்புவதைக் குறைக்காவிட்டால் அந்த வேலை முடிகிற வேலை இல்லை.

கிடங்கு எரிவதும் நாறுவதும் பெரும்பாலும் சமையலறைக் கழிவால்தான். காற்றுப் புகாமல் அழுத்தப்பட்டு அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. வெயிலில் ஒரு பொறி போதும். வீட்டுக் குப்பையை எடை போட்டால் பாதியும் அதற்கு மேலும் இந்த ஈரக் கழிவுதான். ஆகவே வண்டிக்காரர் கலக்கிறாரா இல்லையா என்று பால்கனியில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டு, வண்டிக்கே போகாமல் எதை நிறுத்தலாம் என்று பாருங்கள்.

ஈரக் கழிவுக்கு ஒரு மண் தொட்டி. இல்லாவிட்டால் பெயிண்ட் தீர்ந்துபோன பழைய வாளியைக் கழுவி, பக்கவாட்டில் ஆணியால் துளை போட்டுக்கொள்ளுங்கள். அடியில் ஒரு கைப்பிடி தேங்காய் நார். அதன் மேல் அன்றன்றைய காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு. ஒவ்வொரு தடவையும் அதே அளவு காய்ந்த இலையைத் தூவி மூடுங்கள். அண்ணா நகரில் இலைக்கா பஞ்சம்! பெருக்கிக் குவித்து எரிக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். தொடங்கும்போது கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் வேலை விரைவாக நடக்கும். வாரம் ஒரு முறை குச்சியால் கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, இன்னும் இலை போடுங்கள். புழு வந்தால் பயப்பட வேண்டாம், அதன் வேலையை அது செய்கிறது. எண்ணெய்ப் பண்டமும் மீன் முள்ளும் போடாதீர்கள். எலி வந்தால் அப்புறம் அடுக்ககத்தில் உங்களுக்கு வாக்கு விழாது. இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அதுதான் எரு.

உலர் கழிவுக்கு வழி இன்னும் சுலபம். பால் பாக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து ஒரு சாக்கில் சேருங்கள். பாட்டில், அட்டை, பழைய பேப்பர் எல்லாம் காயலான் கடைக்கு. அங்கே ஒவ்வொரு பிளாஸ்டிக்கையும் தட்டிப் பார்த்தே வகை சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் சில்லறையை வைத்து அவர்கள் வேலையை மதிப்பிட வேண்டாம். ஈரம் தொட்டிக்கு, உலர்ந்தது காயலான் கடைக்கு. மிச்சம் இருப்பது நாப்கின், உடைந்த கண்ணாடி, மருந்து அட்டை. அவற்றைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுங்கள், பெருக்குகிற பெண்ணின் கை கிழியாமல் இருக்கட்டும். இத்தனைக்கும் பிறகு வண்டிக்காரர் கலப்பதற்கு உங்கள் வீட்டிலிருந்து என்ன போகிறது?

திருவல்லிக்கேணி வாசகர்: ஓட்டலுக்குத் தூக்கு எடுத்துப் போய் சாம்பார் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும், கைப்பையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. ஏற இறங்கப் பார்க்க வேண்டியவர் நீங்கள். தூக்கில் வாங்கினால் சாம்பார் ஒரு கரண்டி கூடவே விழும் என்பது என் அனுபவம். பையில் கட்டும்போது கை சுருங்கும்.

வேளச்சேரி வாசகி: எங்கள் வீட்டில் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி உண்டு. 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது மாமனார் கட்டியது. இன்றுவரை திறந்து பார்த்ததில்லை. அதனால் பயன் இருக்கிறதா?

மீட்டர் பார்க்கப் போகிற வீடுகளில் இந்தத் தொட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன் அம்மா. மேல்மூடி மீது செருப்பு அலமாரி நிற்கும். சில வீடுகளில் மாடிக் குழாய் தொட்டி வரை வந்து, அதற்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும். அதிகாரி வந்து பார்க்கும் அன்றைக்குக் காட்டக் கட்டியவை.

கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். வழியில் ஆவியாவது, சிதறுவது போக ஒரு லட்சம் லிட்டராவது கைக்கு எட்டும். 9,000 லிட்டர் லாரி என்றால் பதினோரு லாரித் தண்ணீர். அது உங்கள் மாடியில் விழுந்து, தெருவுக்கு ஓடி, அடுத்தவர் வாசலில் முழங்கால் அளவு நிற்கிறது. வேளச்சேரிக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தரவே வேண்டாம். கோடையில் அதே வீட்டு வாசலில் லாரி நிற்கும். 2019-இல் ஏரிகள் வற்றி, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டரை ரயிலில் கொண்டுவந்தார்களே, மறந்திருக்காது. அந்த ரயில் கொண்டுவந்தது 25 மாடிகளின் ஓராண்டு மழை.

இனி செய்ய வேண்டியது. செப்டம்பரிலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், தொட்டியைத் திறந்து மேலே உள்ள கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் அது களிமண் கட்டியாக இறுகியிருக்கும். மாடியைப் பெருக்குங்கள். முதல் மழைத் தண்ணீர் புறா எச்சமும் புழுதியுமாக வரும். அதை வெளியே விடுவதற்குக் குழாயில் ஒரு திறப்பு இருக்க வேண்டும். சலவைத் தண்ணீரையும் கழிவுநீரையும் எந்தக் காரணத்துக்காகவும் இதில் கலக்கக் கூடாது.

இன்னொன்று, மண். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் சின்னக் குழி போட்டாலே நீர் இறங்கிவிடும். மழைநீர் இறங்கினால் உப்புநீர் உள்ளே ஏறுவதும் மட்டுப்படும். உங்கள் பக்கம் களிமண். நாலடிக் குழியில் நீர் நிற்குமே தவிர இறங்காது. களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டுப்படும் ஆழம் வரை உறை இறக்கிய கிணறு வேண்டும். பழைய கிணறு மூடாமல் இருந்தால் அதிலேயே வடிகட்டி விடலாம். உறை இறக்குகிற ஆட்களிடம் கேளுங்கள். மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே ஆழம் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் கூலி பாதி.

போரூர் வாசகர்: ஆர்.ஓ. கருவியா, கேன் தண்ணீரா? எது குற்றம் குறைந்தது?

முதலில் உங்கள் குழாயில் வருவது என்ன தண்ணீர் என்று பாருங்கள். கரைந்த உப்பை அளக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு; தெருவில் யாரிடமாவது இருக்கும், இரவல் வாங்குங்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீராக இருந்து, அளவும் அதற்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை, காய்ச்சிக் குடித்தால் போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் பெரும்பாலும் அளவு தாண்டும்; அப்போது ஆர்.ஓ. வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது.

வீட்டு ஆர்.ஓ. ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்கு ஒரு குடத்துக்கு மேலேயே வெளியேற்றும். அந்தக் குழாயை வாளியில் விடுங்கள். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற அது போதும். செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள், உப்புத் தங்கும். சென்னைக் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரை உப்பு நீக்கி வருவது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் அதற்குப் போகிறது. மீட்டர் பார்த்தவள் என்பதால் சொட்டுகிற குழாயைக் கண்டால் எனக்கு யூனிட்தான் கண்ணில் ஓடும்.

கொளத்தூர் வாசகி: மேல்மாடி வீடு. மே மாதத்தில் ஏசி இல்லாமல் தூங்க முடிவதில்லை. பில்லையும் பார்த்தால் தூக்கம் வருவதில்லை.

இது என் துறை. பழைய மீட்டரில் ஒரு வட்டத் தகடு சுழலும். வாசலில் நின்று அது சுற்றும் வேகத்தைப் பார்த்தே உள்ளே ஏசி ஓடுகிறதா என்று சொல்லிவிடுவேன்.

ஏசி போடுங்கள், வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் வெயிலோடு வீரம் வேண்டாம். ஆனால் முதலில் மாடியைக் கவனியுங்கள். பகல் முழுவதும் வெயில் குடித்த தளம் இரவு உங்கள் தலைமேல் அதைக் கக்குகிறது. மார்ச்சில் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்; வெயிலைத் திருப்பி அனுப்பும். மேற்குச் சன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் வெப்பம் அறைக்குள் வந்த பிறகு மறைக்கிறீர்கள் என்று பொருள். ஏசியை 26-இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். 18-இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்துகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்களிடம்தான் வசூலும் பாக்கி நிற்கும்.

மின்விசிறியையும் பாருங்கள். பழையது 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்கிற பிரஷ் இல்லாத மோட்டார் வைத்தது 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். அந்த 40 யூனிட் சில வீடுகளில் பெரிய வித்தியாசம் செய்யும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே கட்டண வரிசை மாறுகிறது. 500-க்கும் 501-க்கும் இடையே 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். "ஒரு யூனிட்டுக்கு இவ்வளவா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் ஏராளம். மாதத்துக்கு ஒரு முறை மீட்டரை நீங்களே படித்துக் குறித்து வைத்தால் அந்தச் சண்டையே வராது.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி: மிக்ஸி நின்றுவிட்டது. கடையில் "பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் அக்கா, புதுசு விற்பவர்கள் அவர்கள். மிக்ஸியில் பெரும்பாலும் போவது ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர், இல்லாவிட்டால் மோட்டாரின் கார்பன் பிரஷ். இரண்டும் விலை குறைந்த சாமான்கள். உங்கள் பேட்டையில் தெருவுக்கு ஒரு ரிப்பேர்க்காரர் இருந்த காலம் உண்டு. இன்னும் சிலர் இருக்கிறார்கள், பலகை வைக்காமல் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்கள். ரேடியோ, டிவி, ஃபோன் என்றால் ரிச்சி தெரு. வண்டிச் சாமான் என்றால் புதுப்பேட்டை. பழைய பாடப்புத்தகம் என்றால் மூர் மார்க்கெட். நல்ல பட்டுப் புடவையில் ஆணி மாட்டிக் கிழிந்தால் இழை வாங்கி இழையோடு பின்னித் தருகிற ரஃபு போடுபவர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். பேரம் பேசாமல் கேட்ட கூலியைக் கொடுங்கள். கூலி கட்டுப்படியாகாமல் அவர் பிள்ளை உணவு டெலிவரிக்குப் போய்விட்டால் அடுத்த மிக்ஸிக்கு ஆள் கிடையாது.

குரோம்பேட்டை வாசகர்: பெட்ரோல் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? வேலை பாரிமுனையில்.

தண்டவாளம் வீட்டுப் பக்கத்திலேயே ஓடுகிறது, ஸ்கூட்டர் எதற்குத் தம்பி? கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931-இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. மின்சார வாகனம் புதுமை என்று விளம்பரம் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சீசன் டிக்கெட் எடுங்கள். ஸ்கூட்டரை நிலையம் வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள், அது சாகும்வரை ஓட்டுங்கள். பிறகு வாங்கும்போது மின்சாரத்தில் வாங்குங்கள். வீட்டுப் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசே இல்லை. காய்கறிக்கு ஸ்கூட்டர் எடுப்பதை அவர்கள் ஏற்கெனவே விட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

தாம்பரம் கல்லூரி மாணவர்: நான் ஒருவன் மாறினால் உலகம் மாறிவிடுமா?

மாறாது. தெருவில் குப்பை எரித்தால் சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் சொல்கிறீர்களா? அதையாவது செய்யுங்கள். தாம்பரம் தனி மாநகராட்சி ஆகிவிட்டது என்பதால் அங்கே எண் வேறாக இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடையாறு வாசகி: மீன் சாப்பிடுவது தவறா? எந்த மீன் வாங்கலாம்?

தவறு என்று எருக்கஞ்சேரியில் சொன்னால் என்னைச் சேர்க்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த நாட்களில் வஞ்சிரம் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். அது வெளியூரிலிருந்து ஐஸில் கிடந்து வருவது, விலையும் கண்ணைக் கட்டும். கட்டுமரமும் சின்னப் படகும் போய் அன்றன்று பிடித்து வருவதை வாங்குங்கள். மற்ற மாதங்களில் நெத்திலி, மத்தி, காரப்பொடி. இவை விரைவில் பெருகும் மீன்கள், மலிவும்கூட. உள்ளங்கை நீளம்கூட இல்லாத வஞ்சிரக் குஞ்சை மலிவு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கூடைக்கார அம்மாவிடம் வாங்கினால் ஆய்ந்தும் தருவார். பாத்திரத்தை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். மத்தி வாங்கினால் மாங்காய் போட்டுக் குழம்பு வையுங்கள், அடுத்த நாள் காலை இட்லிக்கும் வரும்.